தண்ணீருக்கு அடியில் எட்டிப் பார்த்த வக்கீல்

மலர்க் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். எல்லாரும் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையும் மூன்றாம் செமஸ்டர் அரியரையும் பற்றியே எழுதி அனுப்புகிறார்கள், நீயாவது வேறு ஏதாவது எழுதித் தாடா என்றார். ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதட்டுமா என்று கேட்டேன். ரொம்ப சந்தோஷம், விஞ்ஞானியா, தேசத் தலைவரா என்றார். இரண்டும் இல்லை அண்ணா, லண்டனில் வக்கீலாக இருந்தவர், லீவு நாளில் மீன் பிடித்தவர் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், சரி எழுது, ஆனா நாலு பக்கத்துக்கு மேலே போகாதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வக்கீலின் பெயர் ஜார்ஜ் எட்வர்ட் மெக்கன்சி ஸ்கியூஸ். ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் மத்தியில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். எனக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். கம்பெனி வேலையாக ஒன்றரை வருடம் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் இருந்தேன். என்னுடன் வேலை பார்த்த ஒரு பெரியவர், ரிட்டையர் ஆகும் வயது, பம்ப்பும் பைப்லைனும் கரைத்துக் குடித்தவர். ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், வா என்று காரில் ஏற்றிக்கொண்டு போவார். போகிற இடம் எப்போதும் ஏதாவது ஓர் ஆற்றங்கரையாகவே இருக்கும்.

மீன் பிடிப்பது என்றால் நமக்குத் தெரிந்தது ஒரு மூங்கில் கோல், கொஞ்சம் நரம்பு, தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. தக்கை ஆடினால் இழுக்க வேண்டியது. கல்லூரிக்குப் பின்னால் இருந்த குளத்தில் நம்மில் பலர் செய்த காரியம்தான். ஃப்ளை ஃபிஷிங் வேறு சமாச்சாரம். அங்கே புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. முள்ளின் மேல் பட்டு நூலையும் கோழி இறகையும் விலங்கு ரோமத்தையும் சுற்றி, பார்த்தால் பூச்சி போலவே இருக்கும்படி ஒரு பொய் ஈ கட்டுவார்கள். அதற்கு எடையே இல்லாததால் தூக்கிப் போட முடியாது. எடை முழுவதும் கயிற்றில் இருக்கும். சாட்டையைச் சுழற்றுவதுபோல் கோலால் கயிற்றை முன்னும் பின்னும் வீசி, கடைசியில் ஈயை மீனின் மூக்குக்கு முன்னால் இறக்க வேண்டும். நான் முதல் நாள் வீசியபோது என் சட்டைக் காலரில் போய்த் தைத்தது.

ட்ரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமான மீன் என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரியில் அவலாஞ்சிக்குப் போனவர்கள் அங்கே ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணையைப் பார்த்திருக்கலாம். எச்.சி. வில்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1907-ல் ஏற்படுத்தியது. ஊர் ஞாபகத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்ட மீன் அது. அவர்கள் ஏங்கிய அந்த ஊர் ஆறுகளில் ஒன்றில்தான் நம் கதை நடக்கிறது.

ஸ்கியூஸ் பிறந்தது 1858 ஆகஸ்டில், கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில். அப்பா ராணுவத்தில் டாக்டர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார்கள். பையன் கெட்டிக்காரன். 1872-ல் ஸ்காலர்ஷிப் வாங்கி வின்செஸ்டர் கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரி என்று பெயரே தவிர அது பழம்பெரும் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியை ஒட்டி ஓடுகிற ஆறுதான் இட்ச்சென். பிறகு சட்டம் படித்து, லண்டனில் ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்து, பங்குதாரராகி, 82 வயதைத் தொடும்வரை அந்த வேலையைப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் வாழ்க்கையில் வெளியே சொல்லும்படி நடந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஆற்றில் நடந்தது.

இட்ச்சென் ஆறு ஹாம்ப்ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளில் பிறக்கிறது. மழைத் தண்ணீர் குன்றுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் கோடையிலும் குளிர்காலத்திலும் ஊற்று நீரின் வெப்பநிலை பெரிதாக மாறாது, பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும். கலங்கலும் கிடையாது. கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் பச்சைப் பாசிக்கொடிகள், அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு மீனும் தனித்தனியாகத் தெரியும். பெரியவர் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, இந்த ஆற்றுக்கு ஃபில்டர் ஹவுஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குன்றைக் காட்டினார்.

வின்செஸ்டருக்கு வடக்கே அபட்ஸ் பார்ட்டன் என்று ஒரு பகுதி. 1883-ல் ஒருவர் அழைத்ததன் பேரில் இளம் ஸ்கியூஸ் அங்கே மீன் பிடிக்க வந்தார். அதே தண்ணீரில் 1938 வரை பிடித்தார். ஐம்பத்தைந்து வருடம்! நம்மில் எத்தனை பேர் ஒரே இடத்தில் ஐந்து வருடம் முழுசாக இருந்திருக்கிறோம்?

அந்தக் காலத்தில் இந்த ஆறுகளுக்கு ஒரு வேதம் இருந்தது. எழுதியவர் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட். துணி வியாபாரக் குடும்பம், நல்ல வசதி, 45 வயதில் வியாபாரத்தை விட்டுவிட்டு முழு நேரமும் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டவர். 1879-ல் வின்செஸ்டரில் ஒரு தூண்டில் கடையில் ஜார்ஜ் செல்வின் மாரியட் என்பவரைச் சந்தித்தார். மாரியட் கை மந்திரக் கை என்பார்கள். இருவரும் சேர்ந்து வருடக்கணக்கில் பூச்சிகளை ஆராய்ந்தார்கள். 1886-ல் மிதக்கும் ஈக்களைக் கட்டுவது பற்றி ஒரு புத்தகம், 1889-ல் மிதக்கும் ஈயால் மீன் பிடிப்பது பற்றி இன்னொரு புத்தகம். மாரியட் தன் பெயரை அட்டையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஹால்ஃபோர்ட் சாதாரண ஆள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கட்சித் தலைவர் போல அவரைக் கேலி செய்கிற கட்டுரைகள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் பூச்சி, எந்த மாதம், எந்த நிறம், எந்த அளவு என்று அவர் ஒழுங்குபடுத்தியது, நம் டிசைன் டேட்டா புக்கை ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதியதற்குச் சமம்.

அந்த வேதத்தின் சாரம் இதுதான். மேற்பரப்புக்கு வந்து பூச்சியைத் தின்கிற மீனைக் கண்ணால் பார்க்க வேண்டும். அது எந்தப் பூச்சியைத் தின்கிறதோ அதே போன்ற ஈயை, கீழிருந்து நீரோட்டத்துக்கு எதிராக வீசி, ஒரு துளிகூட நனையாமல் அதன் தலைக்கு மேல் மிதந்து வரச் செய்ய வேண்டும். நனைந்த ஈயைத் தண்ணீருக்குள் போடுவது வடக்கே மலை ஓடைகளில் செய்கிற நாட்டுப்புற வேலை. இங்கே அது கௌரவக் குறைவு. ஹால்ஃபோர்ட் எழுதியதைவிட அவருடைய சீடகோடிகள் இதைக் கடுமையாகப் பிடித்துக்கொண்டார்கள். எந்த மடத்திலும் நடப்பதுதானே.

ஸ்கியூஸும் முதலில் இந்த மடத்துச் சிஷ்யர்தான். புத்தகங்களை வாங்கிப் படித்து, அதில் சொன்னபடியே செய்துகொண்டிருந்தார். 1892 செப்டம்பரில் ஒரு நாள் அவர் கையில் இருந்த ஈ சரியாக மிதக்கவில்லை. நனைந்து, மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்துவிட்டது. விதிப்படி அது வீணான வீச்சு. ஆனால் மீன் வந்து அதைக் கவ்வியது. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மறுபடியும் கவ்வியது. நாமாக இருந்தால் அன்றைக்கு யோகம் என்று வீட்டுக்குப் போயிருப்போம். வக்கீல் அப்படி விடவில்லை. சாட்சி சொன்னது புத்தகத்தோடு ஒத்துப் போகவில்லை என்றால் சாட்சியை விசாரிக்க வேண்டும் அல்லவா?

விசாரணைக்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி எனக்கு ரொம்பப் பிடித்தது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைச் சுரண்டித் தின்பதற்காக வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்த நீளமான ஒல்லிக் கரண்டி. பிடித்த மீனின் தொண்டை வழியாக அதை உள்ளே விட்டு, ஒரு திருப்புத் திருப்பி வெளியே எடுத்தால் வயிற்றில் இருப்பது அப்படியே வந்துவிடும். அதை வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பார்ப்பார். வந்தவை பெரும்பாலும் பறக்கிற ஈக்கள் அல்ல. நிம்ஃப்கள்.

இங்கே கொஞ்சம் உயிரியல் சொல்ல வேண்டும், பிளஸ் டூவோடு மறந்துபோனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மேஃப்ளை என்ற பூச்சிக் குடும்பம் தன் ஆயுளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில், சிறகில்லாத நிம்ஃபாகவே கழிக்கிறது. கடைசியில் மேலே நீந்தி வந்து, தோலை உரித்துச் சிறகு விரித்துப் பறக்கிறது. பறக்கிற வாழ்க்கை ஒன்றிரண்டு நாள்தான். அப்படியானால் மீனுக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? ஆற்றுக்கு மேலே நாம் பார்க்கிற ஈ, கல்யாண ஊர்வலம் மாதிரி. குடித்தனம் முழுக்க அடியில் நடக்கிறது. மீன் மேலே வந்து வட்டமடிப்பதுபோல் தெரியும்போதுகூட, பல சமயம் அது மேற்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே, மேலேறி வருகிற நிம்ஃபைத்தான் பிடிக்கிறது. மேலே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

ஸ்கியூஸ் தட்டில் பார்த்ததைப் போலவே நிம்ஃப் கட்ட ஆரம்பித்தார். சிறிய முள், மெல்லிய உடல், ரோமம், பட்டு நூல், குட்டையான மிருதுவான இறகு இரண்டு சுற்று. அதை மீனுக்கு மேல்புறத்தில், நீரோட்டத்துக்கு எதிராக வீசி, கொஞ்சம் அமிழவிட்டு வரச் செய்தார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறிப்பிட்ட மீனுக்குத்தான் வீசினார். ஹால்ஃபோர்டின் ஒழுங்கு முழுவதையும் வைத்துக்கொண்டு, ஈயை மட்டும் சில அங்குலம் கீழே இறக்கினார். அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி.

ஃபிஷிங் கெஜட் பத்திரிகையில் புனைபெயர்களில் எழுதினார். வால் கான்சன் என்று ஒரு பெயர், சீஃபோர்த் அண்ட் சோஃபோர்த் என்று இன்னொரு பெயர். இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அவருடைய குறும்பு புரியும். 1910-ல் முதல் புத்தகம் வந்தது. சாக் ஸ்ட்ரீம் ஆறுகளின் சில்லறைத் தந்திரங்கள் என்று பொருள்படும் தலைப்பு. மூலவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு ஏற்றி வைக்கிறேன் என்கிற பணிவு அதில் இருந்தது. அதே 1910-ல் ஹால்ஃபோர்டும் ஒரு புத்தகம் போட்டார். மொத்தம் 33 வகை மிதக்கும் ஈக்கள் போதும் என்று கணக்கை முடித்துக் காட்டிய புத்தகம்.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு விஷயம். மீனின் வயிற்றை முதலில் திறந்து பார்த்தது ஸ்கியூஸ் இல்லை. ஹால்ஃபோர்டும் மாரியட்டுமே பார்த்திருக்கிறார்கள். 1889 புத்தகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. நிம்ஃபும் மற்ற நீர்ப்பூச்சிகளும்தான் மீனின் முக்கிய ஆகாரம் என்பது ஹால்ஃபோர்டுக்குத் தெரியும். நிம்ஃப் மாதிரி கட்டியும் பார்த்தார். உயிருள்ள நிம்ஃபின் அசைவைக் கொண்டுவர முடியாது என்று தீர்மானித்து விட்டுவிட்டார். ஆக, ரீடிங் அவர் மேஜையிலேயே இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. நம் கல்லூரியை விட்டுப் போய் முதலில் சேர்ந்த ஆலை. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். ஒரு கூலிங் வாட்டர் பம்ப்பின் வைப்ரேஷனை வாரா வாரம் அளந்து எழுதி வைப்பது என் வேலை. மேனுவலில் போட்டிருந்த எல்லையை அது தாண்டவே இல்லை. ஆனால் பதினெட்டு வாரமாக ஏறிக்கொண்டே வந்தது. ஏறுகிற வேகமும் ஏறியது. மீட்டிங்கில் சொன்னேன். முப்பது வருட அனுபவமுள்ள அதிகாரி மேனுவலைத் திறந்து எல்லையைக் காட்டினார். அளவுக்குள்தானே இருக்கிறது தம்பி, இதற்காக யூனிட்டை நிறுத்த முடியுமா என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு ப்ரொடக்‌ஷன் நெருக்கடி. நான் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிராஃபை அவர் முன்னால் விரித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நைட் ஷிஃப்டில் பேரிங் பிடித்துக்கொண்டது, கப்ளிங் தெறித்தது. பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அண்ணனுக்கு முன்கையில் எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் சொல்லிவிட்டேனே என்று கணக்காகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றபோது அந்த அண்ணன் என்னிடம், சாப்பிட்டியா தம்பி என்று கேட்டார். அப்போது எனக்கு 26 வயது.

சரி, வக்கீலிடம் வருவோம்.

1914-ல் ஹால்ஃபோர்ட் காலமானார். 1921-ல் ஸ்கியூஸின் பெரிய புத்தகம் வந்தது. ட்ரவுட் எப்படிப் பார்க்கிறது, என்ன பார்க்கிறது, எதை நம்பி வாயைத் திறக்கிறது என்று மீனின் பக்கமிருந்து யோசித்த புத்தகம். நம்ம ஆட்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். நீருக்கும் காற்றுக்கும் இடையே க்ரிட்டிகல் ஆங்கிள் சுமார் 48.6 டிகிரி. அதனால் தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு வெளி உலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்ட ஜன்னலுக்குள் அடங்கித் தெரிகிறது. ஜன்னலின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப் போல் சுமார் இரண்டே கால் மடங்கு. முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிற மீனுக்கு ஜன்னல் சுமார் 68 சென்டிமீட்டர் அகலம். அதற்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடிபோல் அடித்தரையைத்தான் பிரதிபலிக்கும். மிதக்கிற ஈ ஜன்னலுக்குள் வரும்வரை அதன் கால்கள் அழுத்துகிற புள்ளிகள் மட்டுமே மீனுக்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்குள் வருகிற நிம்ஃப் தொலைவிலிருந்தே முழுசாகத் தெரியும். ஃபிசிக்ஸ் லேபில் ஸ்னெல் விதிக்கு நாம் குண்டூசி குத்திக் கோடு போட்டபோது இதை யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாகக் குத்தியிருப்பேன்.

புத்தகம் பாராட்டுப் பெற்றது. உலகமெங்கும் இருந்து கடிதங்கள் வந்தன. ஆனால் சொந்த ஊரில் மடம் கலையவில்லை. ஹால்ஃபோர்ட் போன பிறகு அவர் சொன்னது இன்னும் கெட்டியாகிவிட்டது. 1930-களில் அபட்ஸ் பார்ட்டனில் ஸ்கியூஸோடு பங்கு போட்டு மீன் பிடித்தவர்களில் சிலரே, இந்த நிம்ஃப் வேலை நம் தண்ணீரில் வேண்டாம் என்று ஆட்சேபித்தார்கள். அரை நூற்றாண்டாக அந்தக் கரையில் நடந்தவரிடம் இதைச் சொன்னார்கள்.

1938 பிப்ரவரியில் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது பற்றி விவாதக் கூட்டம் நடந்தது. எதிர்த்தரப்பில் முன்னின்றவர் சர் ஜோசப் பால். லேசான ஆள் இல்லை. முன்பு எம்.ஐ.5 உளவுத் துறையில் இருந்தவர், அப்போது கன்சர்வேடிவ் கட்சியின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவர், பிரதமர் சேம்பர்லினோடு சேர்ந்து மீன் பிடிக்கிறவர். நிம்ஃப் போட்டால் சின்ன மீன்கள் எல்லாம் முள்பட்டு மிரண்டுவிடும், ஆற்றின் விளையாட்டே கெட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்து வாதம். இந்தப் பக்கம் 79 வயது ஸ்கியூஸ். கூட்டத்தின் மனசு அவர் பக்கம் இல்லை. எழுந்து நின்று தன் கட்சியைச் சொன்னார். இத்தனை வருடமாகத் தான் கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் அடுக்கினார். நான் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என்னுடைய மீட்டிங் ரூம் ஞாபகம் வருகிறது. அவருக்கு மட்டும் போய்ச் சாப்பிட வீடு இல்லையா, வயசான காலத்தில் எனக்கு எதற்கு வம்பு என்று நினைக்கத் தெரியாதா?

அந்த வருடத்தோடு அபட்ஸ் பார்ட்டனை விட்டு வெளியேறினார். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மறு வருடம், 1939-ல், தன் 81-ஆவது பிறந்த நாளை ஒட்டிய காலத்தில், நிம்ஃப் மீன்பிடிப்புக்கென்றே தனிப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். கூட்டத்தில் கேட்க மறுத்தவர்கள் நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பெரிய பதிலாகத் தோன்றுகிறது. வழக்குத் தோற்றால் அப்பீல் போடுவதுதானே வக்கீல் புத்தி.

1940-ல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, வில்ட்ஷயரில் நாடர் என்ற ஆற்றின் கரைக்குப் போய்விட்டார். யுத்த காலம் அங்கேயே கழிந்தது. அந்தக் கடைசி வருடங்களில் அவருக்கு ஒரு கடிதத் தோழர் கிடைத்தார். ஃப்ராங்க் சாயர். ஏவன் ஆற்றின் மேல்பகுதியில் ராணுவ அதிகாரிகளின் மீன்பிடி சங்கத்துக்கு ஆற்றுக் காவல்காரர். பெரிய படிப்பு இல்லை, ஆனால் ஆற்றின் அடித்தரை ஒவ்வோர் அங்குலமும் தெரியும். எழுதுங்கள், எழுதுங்கள் என்று ஸ்கியூஸ் அவரை விடாமல் தூண்டினார். சாயர் பின்னாளில் 1958-ல் நிம்ஃப் பற்றித் தன் புத்தகத்தை எழுதினார். அவர் கட்டிய நிம்ஃப் இன்று ட்ரவுட் உள்ள எல்லா நாட்டிலும் எல்லாருடைய பெட்டியிலும் இருக்கிறது. ஃபெசன்ட் பறவையின் வால் இறகு, மெல்லிய செம்புக் கம்பி, இரண்டே பொருள். நூலே கிடையாது. கட்டுகிற நூலாகவும் கம்பிதான், அமிழ்த்துகிற எடையாகவும் கம்பிதான். ஒரே பார்ட் இரண்டு வேலை செய்கிறது. டிசைன் வைவாவில் இதற்கு நான் முழு மார்க் போடுவேன்.

1949 ஆகஸ்டில், தொண்ணூறு வயதைக் கடந்து, ஸ்கியூஸ் காலமானார். அஸ்தியை அபட்ஸ் பார்ட்டனில் இட்ச்சென் கரையில் தூவினார்கள். பதினொரு வருடம் கழித்து, ஒருவழியாக அவர் அந்தத் தண்ணீருக்குத் திரும்பி வந்துவிட்டார்.

இனி என் பெரியவர் கதை. இட்ச்செனில் ஒரு நாள் மீன் பிடிக்க ஆகும் கட்டணம் என் சம்பளத்துக்கு ஒத்துவராது என்று, ஆற்றை ஒட்டிய வின்னல் மூர்ஸ் சரணாலயத்தில் நடந்து போய்ப் பார்த்ததோடு சரி. மீன் பிடிக்க அவர் கூட்டிக்கொண்டு போனது வேல்ஸில் அஸ்க் நதிக்கு. அங்கேதான் இரண்டு ஈ கட்டுகிற முறையைக் கற்றுக்கொடுத்தார். நியூசிலாந்திலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் சர்வ சாதாரணமான முறை. ஒரே நரம்பில் இரண்டு ஈக்களோ மூன்று ஈக்களோ கட்டுவது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஸ்கியூஸுக்கு ரொம்ப முன்பிருந்தே உண்டு. ஆனால் அவை எல்லாமே நனைந்த ஈக்கள். இது அப்படி இல்லை. மேலே ஒன்று மிதக்கும், கீழே ஒன்று அமிழும்.

முதலில் நரம்பின் நுனியில் நன்றாக மிதக்கிற, ரோமம் அடர்ந்த ஒரு ஈ. அந்த ஈயின் முள் வளைகிற இடத்தில் இன்னொரு நரம்பை முடிச்சுப் போட்டு, சுமார் அரை மீட்டர் கீழே ஒரு நிம்ஃப். நிம்ஃபின் எடை மேலே இருப்பதை இழுத்து அமிழ்த்திவிடக் கூடாது. அதனால் இரண்டையும் ஜோடி பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நம் பெரியவர்கள் ஜாதகம் பார்ப்பதுபோல. கீழ் நரம்பு மேல் நரம்பைவிட மெலிசாக இருக்க வேண்டும். நிம்ஃப் பாறையில் சிக்கினால் அது மட்டும் அறுந்து போகும், மேலே உள்ளது தப்பிக்கும். ஃப்யூஸ் ஒயர் தத்துவம். ஆழம் கூடினால் நீளத்தைக் கூட்ட வேண்டும். வீசும்போது சுருள் அகலமாக இருக்க வேண்டும், அவசரப்பட்டால் இரண்டும் கட்டிப் புரண்டு சிக்கலாகிவிடும். என்னுடையது சிக்கலானது. ஒன்றுக்கு நாலு தடவை. பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கத்தரிக்காமல் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தார்.

மீன் மேலே உள்ளதைக் கவ்வினால் கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ளதைக் கவ்வினால் மேலே உள்ள ஈ சட்டென்று நின்றுபோகும், அல்லது முங்கும். அப்போது கோலைத் தூக்க வேண்டும். அட, இது நம்ம தக்கைதானே என்றேன். பெரியவர் சிரித்துவிட்டு, இதை வின்செஸ்டர் பக்கம் போய்ச் சொல்லிவிடாதே என்றார். அங்கே பல இடங்களில் இன்றும் ஒரு நரம்புக்கு ஒரு ஈ என்பதுதான் விதி. நிம்ஃபை அனுமதிக்கிற இடங்களிலும் சீசனின் பிற்பாதியில்தான் அனுமதிக்கிறவை உண்டு.

அஸ்கில் அன்று மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்தது. நான் மேலே மிதந்து வருகிற ஈயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி வரைக்கும் அது ஹால்ஃபோர்டின் ஈ. விதிப்படி கட்டியது, விதிப்படி நீரோட்டத்துக்கு எதிராக வீசியது, நனையாமல் வருகிறது. அதன் வாலில் அரை மீட்டர் நரம்பு. கீழே கண்ணுக்குத் தெரியாமல் ஸ்கியூஸ் வருகிறார், சாயரின் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு. லண்டன் கிளப்பில் சேர்ந்து உட்காராதவர்கள் இங்கே ஒரே நரம்பில் வந்துகொண்டிருந்தார்கள். மேலே இருப்பது இல்லாவிட்டால் கீழே நடப்பது எனக்குத் தெரியாது. கீழே இருப்பது இல்லாவிட்டால் அன்றைக்கு எனக்கு மீனே கிடையாது. ஒரு பாறையைத் தாண்டும்போது மேல் ஈ நின்றது. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் கரையிலிருந்து கத்தினார். கோலைத் தூக்கினேன். ஒரு முழம்கூட இல்லாத பழுப்பு ட்ரவுட், முதுகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். வாயின் ஓரத்தில் நிம்ஃப். கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்துவிட்டு, தண்ணீரிலேயே விட்டுவிட்டோம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியவர் ஒரு தீப்பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே பஞ்சில் ஒரு மிதக்கும் ஈயும் ஒரு நிம்ஃபும், அவர் கையால் கட்டியவை. இப்போது என் ஆபீஸ் மேஜை டிராயரில், அந்தப் பழைய வைப்ரேஷன் நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஜூனியர்கள் யாராவது ட்ரெண்ட் சரியில்லை சார் என்று வந்து நின்றால் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போடச் சொல்கிறேன்.

சந்திப்பு நாளன்று தீப்பெட்டியைச் சட்டைப் பையில் கொண்டு வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய மெஷின் ஷாப் வாசல் வேப்ப மரத்தடியில் இருப்பேன். பார்க்க வேண்டும் என்பவர்கள் வரலாம். முள்முனை இரண்டும் இன்னும் கூராகத்தான் இருக்கின்றன, பார்த்துத் தொடுங்கள்.